பின்வாசல் கொசுவலைக் கதவு

பின்வாசல் கொசுவலைக் கதவு என்பது, வீட்டின் கொல்லைப்புற வாசலில் உள்ள மரக்கதவுக்கு வெளியே, காற்றை உள்ளே விட்டுப் பூச்சிகளைத் தடுக்கும் வகையில் பொருத்தப்படும் இரண்டாவது கதவு ஆகும். பேச்சு வழக்கில் இது நெட் கதவு, வலைக்கதவு என்று அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழில் கொசுவை நுளம்பு என்பதால் அங்கே இதன் வலை நுளம்பு வலை எனப்படும். மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் சன்னல்களுக்கு வலை அடிப்பது பரவலான வழக்கம். முன்வாசலுக்கும் பலர் வலை போட்டுவிடுகின்றனர். விடுபட்டுப் போவது பெரும்பாலும் பின்வாசல்தான். ஆனால் சாக்கடை, பாத்திரம் துலக்கும் இடம், தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், குப்பைக்கூடை, கிராமத்து வீடுகளில் மாட்டுத்தொழுவம் என்று பூச்சிக்கு வேண்டிய எல்லாமே பின்பக்கத்தில் இருக்கின்றன.

வலைக்கதவு போட்டும் கொசு குறையவில்லை என்பது பலரும் சொல்லும் குறை. பெரும்பாலான இடங்களில் குற்றம் வலையில் இல்லை, கதவின் ஓரத்தில் இருக்கிறது. இக்கட்டுரை வலையைவிட ஓரத்துக்கு அதிக இடம் தருவது அதனால்தான்.

பின்வாசல் வழியே வருபவை

மதுரைப் பகுதி வீடுகளில் நுழையும் கொசுக்களில் மிகுதியானது கியூலெக்ஸ் வகை. சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் இது, பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குள் வந்து இரவு முழுதும் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்புவது இவ்வகையே. டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி இதற்கு நேர்மாறானது. நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். காலையிலும் மாலை வெயில் தாழும் நேரத்திலும் இதன் கடி அதிகம். நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கிணறுகளிலும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்ந்து இரவில் கடிக்கிறது.

நகரை விட்டு மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் சென்றால் பெரியாறு, வைகைப் பாசன நெல்வயல்கள் தொடங்கிவிடும். வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் இனங்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் மதுரையில் அமைந்து, இந்நோயையும் இந்தக் கொசுக்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. இவை பெரும்பாலும் மாட்டையே நாடுகின்றன, வெளியிலேயே தங்குகின்றன. அதனால் தொழுவத்தை ஒட்டிப் பின்வாசல் உள்ள வீட்டுக்கு வலைக்கதவு பயன்படும் என்றாலும், வாசலில் கட்டில் போட்டுப் படுப்பவருக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது.

கொசுவோடு வீட்டு ஈயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குப்பையிலும் மலத்திலும் உட்கார்ந்த ஈ நேராகச் சமையலறைக்கு வருவது பின்வாசல் வழியாகத்தான். வயிற்றுப்போக்குக் கிருமிகளை அது காலில் சுமந்து வருகிறது. ஐப்பசி மழைக்குப் பின் விளக்கொளிக்குக் கூட்டமாக வரும் ஈசலையும் இக்கதவு தடுக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முன்கதவைத் திறந்து பின்கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் வந்த லட்சுமி பின்பக்கமாகப் போய்விடுவாள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நம்பிக்கை எதுவாக இருந்தாலும், சாக்கடைக் கொசு உள்ளே கிளம்பும் நேரமும் அதுவே. ஆனால் புகைபோக்கி இல்லாத சமையலறையில் தாளிக்கும்போது பின்கதவைச் சாத்தி வைக்க யாராலும் முடியாது. வலைக்கதவின் தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வரலாற்றுச் சோதனைகள்

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் மாதம் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதுவரை சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. கொசுதான் காரணம் என்றால் கொசுவை மட்டும் தடுத்தால் போதும் அல்லவா? இதைச் சோதிக்க பேட்ரிக் மேன்சன் 1900ஆம் ஆண்டு ஒரு ஏற்பாடு செய்தார். இத்தாலியில் ரோமுக்கு அருகே மலேரியா மிகுந்த ஓஸ்தியாப் பகுதியில் கதவு, சன்னல் அனைத்துக்கும் கம்பிவலை அடித்த ஒரு மரவீட்டில், லூயி சாம்பன், ஜார்ஜ் லோ என்னும் மருத்துவர்களும் சிலரும் மலேரியாப் பருவம் முழுதும் தங்கினர். பகலில் வெளியே சுற்றினர், அந்த ஊர்க் காற்றைத்தான் சுவாசித்தனர். பொழுது சாயும் முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. அவர்களில் எவருக்கும் மலேரியா வரவில்லை.

நூறாண்டுக்குப் பின் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. கதவு, சன்னல் இவற்றுக்கு வலையிட்டு, கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடைவெளியையும் அடைத்த வீடுகளில், வலையிடாத வீடுகளைவிட மலேரியாக் கொசுக்கள் 59 விழுக்காடு குறைந்தன. குழந்தைகளிடையே இரத்தசோகையும் குறைந்தது. கவனிக்க வேண்டியது, வலையோடு இடைவெளியையும் அடைத்தார்கள் என்பதே.

வலைக்கண்ணும் கதவோரமும்

கடைகளில் வலையைக் கண் எண்ணிக்கை சொல்லி விற்கிறார்கள். 18க்கு 16 என்றால் ஓர் அங்குலத்தில் ஒரு திசையில் 18 கண், மறு திசையில் 16 கண். சுமார் 0.28 மில்லிமீட்டர் தடிப்புள்ள இழையால் நெய்த இவ்வலையில் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 1.1க்கு 1.3 மில்லிமீட்டர் இருக்கும். கொசு நுழைய இது போதாது. வலைப்பரப்பில் சுமார் 66 விழுக்காடு திறந்த வெளி. காற்று அதன் வழியே வரும். இதே இழையில் 20க்கு 20 வலை வாங்கினால் திறந்த வெளி 61 விழுக்காடாகக் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் மதுரை வீட்டுக்குள் வரும் கொஞ்சக் காற்றையும் எதற்குக் குறைக்க வேண்டும்? மிகச் சிறிய பூச்சிகளின் தொல்லை இல்லாத வீட்டுக்கு 18க்கு 16 வலையே போதுமானது.

இப்போது கதவோரத்தைப் பார்ப்போம். தச்சு வேலையில் ஓர் அங்குலம் எட்டு நூல். ஒரு நூல் என்பது சுமார் 3.2 மில்லிமீட்டர். கதவு உரசாமல் திறந்து மூட ஓரத்தில் ஒரு நூல் விடுவது தச்சரின் வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. ஆனால் அந்த ஒரு நூல் வலைக்கண்ணைப் போல் இரண்டரை மடங்கு அகலமானது. மூன்றடி அகலக் கதவின் அடியில் ஒரு நூல் இடைவெளி இருந்தால், ஒரு கொசு நடந்தே உள்ளே வரலாம். கதவடியில் அரை அங்குலம் விட்டுப் பொருத்திய கதவுக்கு எத்தனை உயர்ந்த வலை போட்டும் பயனில்லை. கதவு அசைய இடைவெளி தேவை, அந்த இடைவெளியை வேறொன்று மூடவும் வேண்டும். வலைக்கதவு வேலையின் சூட்சுமம் முழுதும் இதுதான்.

வலையும் சட்டமும்

மலிவான நைலான் வலை வெயில் பட்டால் ஓரிரு ஆண்டுகளில் பொடிந்துவிடும். மேற்குப் பார்த்த பின்வாசலுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. பூச்சுப் பூசிய பைபர் வலை வளையும், துருப்பிடிக்காது, பொருத்துவது எளிது. ஆனால் எலியும் பூனை நகமும் அதைக் கிழித்துவிடும். அலுமினிய வலையில் ஒருமுறை பக்கெட் இடித்தால் அந்தக் குழி போகாது. எவர்சில்வர் வலை விலை கூடியது, நீண்ட நாள் உழைக்கும். பின்வாசலில் எலி நடமாட்டம் இருந்தால் எவர்சில்வரே மேல். இல்லாவிட்டால், கீழ்ப்பகுதி ஒன்றரை அடிக்கு அலுமினியத் தகடு அல்லது பி.வி.சி. பலகை வைத்து, மேலே பைபர் வலை போடலாம். காலால் தள்ளுவதும் குடம் இடிப்பதும் தகட்டோடு போய்விடும்.

சட்டம் மரத்திலும் செய்யலாம், அலுமினியத்திலும் செய்யலாம். மரச்சட்டம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். கோடையில் இறுக்கமாக இழைத்துப் பொருத்திய மரக்கதவு கார்த்திகையில் திறக்க மறுப்பதை மதுரையில் பலர் கண்டிருப்பர். தண்ணீர் புழங்கும் பின்வாசலுக்கு அலுமினியச் சட்டம் தொல்லை குறைந்தது. பழைய வீட்டுத் தேக்கு நிலைக்கு அது பொருந்தாமல் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் பின்வாசலை யார் பார்க்கப் போகிறார்கள்.

அளவெடுத்தல்

கடையில் மூன்றுக்கு ஏழு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதே பிற்பாடு வரும் பல சிக்கல்களுக்குக் காரணம். வாசலின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும். 36 அங்குல அகலமும் 84 அங்குல உயரமும் உள்ள வாசல் சரியான செவ்வகமாக இருந்தால் குறுக்களவு 91 அங்குலம் 3 நூல் வரும், இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு நூலுக்கு மேல் வேறுபாடு இருந்தால் நிலை சாய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய வீடுகளில் இது வியப்பன்று.

சாய்ந்த நிலைக்குள் செவ்வகக் கதவைப் பொருத்தினால் ஒரு மூலை உரசும், எதிர்மூலையில் அரை அங்குலம் திறந்து கிடக்கும். அதற்கு வழி, கதவை நிலைக்குள் வைக்காமல் நிலையின் வெளிமுகத்தின் மேல் படியும்படி வைப்பது. வாசலைவிட மேலும் பக்கவாட்டிலும் ஓர் அங்குலம் பெரிதாகச் சட்டம் செய்தால் நிலையின் சாய்வு வெளியே தெரியாது, ஓர இடைவெளியும் தானே மூடிக்கொள்ளும். நிலையின் வெளிமுகம் சுவரோடு சமமாக இருந்தால், அல்லது சுவரைவிடச் சற்று வெளியே இருந்தால் மட்டுமே இது முடியும். உள்ளே அமுங்கிய நிலை என்றால் நிலைக்குள்தான் பொருத்த வேண்டும். அப்போது நிலையைச் சுற்றி உட்பக்கமாக அரை அங்குல ரீப்பர் அடித்து, கதவு அதன் மேல் போய்ப் படியுமாறு செய்ய வேண்டும்.

மரக்கதவின் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஆல்ட்ராப்போ கைப்பிடியோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கதவுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இல்லாவிட்டால் இரண்டையும் ஒன்றாகச் சாத்த முடியாது. இதை அளவெடுக்கும் அன்றே பார்த்துவிட்டால், வேலை முடிந்த பின் ஆல்ட்ராப்பைக் கழற்றி மாற்றும் செலவு மிச்சம்.

திறக்கும் திசை

நம் வீடுகளில் மரக்கதவு பொதுவாக உள்ளே திறக்கும். ஆகவே வலைக்கதவு வெளியே திறக்க வேண்டும். இதில் வசதியும் உண்டு. இடுப்பில் குடமோ கையில் ஈரத்துணி வாளியோ இருக்கும்போது, இடுப்பால் தள்ளிக்கொண்டு வெளியே போகலாம். மரக்கதவுக்குக் கீல் எந்தப் பக்கமோ அதே பக்கம் வலைக்கதவுக்கும் கீல் இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்கும்.

வெளியே ஏற்கெனவே இரும்பு கிரில் கேட் இருந்தால் தனிக்கதவு தேவையில்லை. கிரில் சட்டத்தின் உட்புறத்தில் அலுமினியச் சட்டத்தோடு வலையைத் திருகி விடலாம். வலை அடித்த கதவு திருடனைத் தடுக்காது. கோடை இரவில் மரக்கதவைத் திறந்துவிட்டு வலையை மட்டும் சாத்திப் படுப்பதானால் கிரிலும் வேண்டும். அப்படிப் பூட்டும் கிரிலின் சாவி, தீ, மின்கசிவு போன்ற நேரத்தில் இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். வலைக்கதவுக்கோ உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் மட்டுமே போதும்.

பொருத்தும் முறை

அலுமினியச் சட்டத்தில் வலையைப் பிடிப்பது, சட்டத்தின் பள்ளத்தில் அழுத்தப்படும் ரப்பர் கயிறு. சட்டத்தைச் சமதரையில் கிடத்தி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வலையை விரித்து, சிறு உருளையால் ரப்பரைப் பள்ளத்துக்குள் அழுத்த வேண்டும். முதலில் ஒரு நீளப்பக்கம், அடுத்து அதையொட்டிய அகலப்பக்கம் என்று சுற்றி வரலாம். வலையை மிகவும் இழுத்துவிட்டால் சட்டத்தின் நடுப்பகுதி உள்ளே வளைந்து, பொருத்திய பின் அந்த இடத்தில் ஓரம் திறந்துவிடும். கை வைத்தால் லேசாக அமுங்கும் இறுக்கம் போதும். ஏழடி உயரச் சட்டத்துக்கு நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். மரச்சட்டமானால் வலையை முதலில் சிறு ஆணியால் அடித்து, அதன் மேல் ரீப்பர் வைத்துத் திருக வேண்டும். ஆணியை மட்டும் நம்பினால் ஆணிக்கு ஆணி வலை அலைபாயும்.

மரநிலையில் திருகு ஏற்றும் முன் சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழைய தேக்கும் வேங்கையும் பிளந்துவிடும். கல் நிலை, சிமெண்டு நிலை என்றால் துளையிட்டு ராவல் பிளக் வைக்க வேண்டும். மூன்று கீல் வைப்பது நல்லது. மேல்கீலை ஒரு திருகால் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டு, கதவு உரசாமல் ஆடுகிறதா என்று பார்த்த பிறகே மற்றத் திருகுகளை ஏற்ற வேண்டும்.

கதவு தானே சாத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லாத வலைக்கதவு பாதிக் கதவுதான். கை நிறையச் சாமானோடு போகிறவர் திரும்பிச் சாத்துவதில்லை. பத்து நாளில் ஒரு செங்கல் வந்து கதவைத் திறந்தே நிறுத்திவிடும். ஸ்பிரிங் கீல் இரண்டு, சாத்தியதும் பிடித்துக்கொள்ள ஒரு காந்தப் பிடி, இவை போதும். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பார்த்த கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளும் என்பதால், அங்கே மட்டும் மெதுவாகச் சாத்தும் டோர் குளோசரும், கதவு சுவரில் மோதாமல் தடுக்க ஒரு சிறு சங்கிலியும் தேவைப்படும்.

கதவின் அடிப்பகுதி

மூன்று பக்கமும் நிலையோ ரீப்பரோ கதவைத் தாங்கிக்கொள்ளும். அடிப்பக்கத்தில் எதுவும் இல்லை. பழைய வீடுகளில் வாசற்படி உயர்ந்திருக்கும், கதவு அதன் முகத்தில் போய்ப் படியும். புதிய வீடுகளில் கிரானைட் பலகை தரையோடு தரையாக இருக்கிறது. தண்ணீர் வெளியே ஓட அதற்குச் சரிவும் கொடுத்திருப்பார்கள். வெளியே திறக்கும் கதவு சரிவில் இறங்குவதால் தரையில் உரசாது. ஆகவே அடியில் பிரஷ் பட்டையோ ரப்பர் பட்டையோ திருகி, சாத்தும்போது தரையைத் தொட்டு நிற்குமாறு செய்யலாம். பிரஷ் பட்டை மேடுபள்ளத்துக்கு ஈடுகொடுக்கும். ரப்பர் வெயிலில் விறைத்துவிடும், ஆனால் மழைத்தண்ணீரை நன்றாகத் தடுக்கும்.

இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவர் கதவோரமாக டார்ச் அடிக்க, உள்ளே நிற்பவர் பார்த்தால் ஒளிக்கீற்று வரும் இடமெல்லாம் தெரிந்துவிடும். செய்தித்தாள் துண்டை ஓரத்தில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தும் பார்க்கலாம். தாள் தடையின்றி வந்தால் அங்கே பட்டை ஒட்ட வேண்டும். கதவுக்கு வெளியே இருக்கும் ஓட்டைகளும் கணக்கில் சேரும். சிங்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், நிலைக்கும் சுவருக்கும் இடையே சிமெண்டு உதிர்ந்த விரிசல், எக்சாஸ்ட் பேன் ஓட்டை ஆகியவை கதவைச் சரியாகப் போட்ட பிறகே கண்ணில் படும்.

சமையல் எரிவாயு வீடுகளில் ஓர் எச்சரிக்கை

உருளையில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். சமையலறையின் பின்வாசலில் கீழ்ப்பாதிக்குத் தகடு வைத்து, அடியில் ரப்பர் பட்டையும் ஒட்டிவிட்டால், அந்த வாயு வெளியேற இருந்த வழி அடைபடுகிறது. உருளை சமையலறைக்குள் இருந்தால், தரைமட்டத்தில் சுவரில் ஒரு காற்றுத்துளை விட்டு அதற்கு எவர்சில்வர் வலை அடிக்க வேண்டும். அல்லது கீழ்ப்பகுதிக்குத் தகட்டை விட்டுவிட்டு அங்கும் எவர்சில்வர் வலையே போட வேண்டும். வாசனை தெரிந்தால் வலைக்கதவையும் சேர்த்து முழுதாகத் திறக்க வேண்டும். மின்விசிறி சுவிட்சைத் தொடக்கூடாது. வலை வியாபாரிகள் இதைப் பற்றிப் பேசுவது அரிது.

வாடகை வீட்டில்

நிலையில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காத இடத்தில் காந்தத் திரை உதவும். நடுவில் பிளந்த இரண்டு வலைத்துண்டு, பிளவோரத்தில் காந்தம், நிலையில் ஒட்ட வெல்க்ரோ. ஆள் நுழைந்ததும் தானே சேர்ந்துகொள்ளும். காற்று பலமாக அடித்தால் பிரியும், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கில் வெல்க்ரோவின் பசை விட்டுவிடும். ஒட்டும் முன் நிலையைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவிட்டால் சில மாதம் கூடுதலாக நிற்கும்.

பராமரிப்பு

சமையலறைப் பின்வாசல் வலை மற்ற வலைகளைவிட விரைவில் அடைபடும். தாளிப்புப் புகையின் எண்ணெயும் தெருப்புழுதியும் சேர்ந்து கண்களில் பசையாகப் படியும். சில மாதங்களில் காற்று வருவது குறைந்து, வீட்டார் கதவைத் திறந்து வைக்கத் தொடங்குவர். மாதம் ஒருமுறை சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு இருபக்கமும் தேய்த்துக் கழுவினால் போதும். வலையில் சிறு கிழிசல் கண்டால் அன்றே அதே வலைத்துண்டை வைத்துத் தைத்துவிட வேண்டும். கீலுக்கு ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் விடலாம். கார்த்திகை மழை விட்ட பிறகு பிரஷ் பட்டையை இறக்கிச் சரிசெய்யலாம்.

வலைக்கதவு வெளியிலிருந்து வருவதை மட்டுமே தடுக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலோ, வீட்டுக்குள் வைத்த டிரம்மிலோ, பூந்தொட்டித் தட்டிலோ ஏடிஸ் முட்டையிட்டிருந்தால், முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். அந்தக் கொசு வலைக்கு உள்ளேதான் பிறக்கிறது, வெளியே போகவும் வழியில்லை. வலைக்கதவு போட்ட வீட்டில் பகலில் கொசு கடித்தால் முதலில் சோதிக்க வேண்டியது இந்தத் தண்ணீர்களையே. வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, பாத்திரங்களைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருந்து, அடுத்து தண்ணீர் பிடிக்கும் நாளில் பொரிக்கும்.